பேங்க் லோன் கொடுக்குதே, அப்புறம் என்ன பிரச்சினை?

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால், சொந்தக்காரர்களும் நண்பர்களும் வீடு வாங்கும்போது பத்திர நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். "சும்மா ஒரு பார்வை பாருங்கண்ணே." நான் கேட்கும் முதல் கேள்வி, அட்வான்ஸ் கொடுத்தாச்சா? அநேகமாகக் கொடுத்திருப்பார்கள். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, சில லட்சங்கள் கை மாறியிருக்கும். அதற்கப்புறம் அவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது கருத்து இல்லை. "ஒண்ணும் பிரச்சினை இல்ல, வாங்குங்க" என்ற ஒரு வரி. நான் இழுத்தால் உடனே வரும் பதில்: "பேங்கே லோன் சாங்ஷன் பண்ணிட்டாங்களே!"

இந்த நம்பிக்கையைத்தான் உடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வங்கி வக்கீல் பத்திரம் பார்ப்பது வங்கிக்காக. கொடுத்த பணம் திரும்ப வருமா என்பதுதான் அங்கே கேள்வி. நாளைக்கு அந்த வீட்டின் மேல் எவரோ வழக்குப் போட்டாலும் மாதத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்றால் பத்திரம் பதிவானது என்று அர்த்தம், விற்றவர்தான் உண்மையான சொந்தக்காரர் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம் இல்லை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி கட்டட வரைபடத்துக்கு. நிலம் யாருடையது என்பதற்கு அது சாட்சி கிடையாது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருந்தால் நல்லதுதான், ஆனால் அங்கே ஏற்றியிருக்கும் விவரம் பில்டர் தந்தது. ஆக, ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். உங்களுக்காகப் பார்க்கிற ஆள் அந்த வரிசையில் யாருமே இல்லை.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது இ.சி. "முப்பது வருஷ இ.சி. போட்டுப் பாத்தாச்சு, வில்லங்கம் எதுவும் இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். இ.சி.யில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பீரோவுக்குள் இருக்கும் உயில் இ.சி.யில் வராது. குடும்பத்துக்குள் வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டது வராது. கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்குகூட, பதிவு ஏதும் ஆகாதவரை வராது.

நான் பார்த்தவரை மிக அதிகம் சிக்கல் வருவது பெண் பிள்ளைகளின் கையெழுத்தில்தான். அப்பா பெயரில் மனை. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள். சகோதரி? "அவங்களுக்கு அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு சார், பங்கெல்லாம் கேக்க மாட்டாங்க" என்பார் புரோக்கர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956லேயே அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு கொடுத்துவிட்டது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது, அப்போது ஏற்கெனவே கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. சீர் செய்ததற்கும் பங்குக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தச் சகோதரி விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் கணக்கு வந்தாக வேண்டும். அதில் மைனர் யாராவது இருந்து, அவர் பங்கை அம்மாவோ அப்பாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயது முடிந்த மூன்று வருடத்துக்குள் வந்து கேட்கலாம். இதைப் பார்க்கத்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது பழைய மூலப் பத்திரத்திலிருந்து, உட்கார்ந்து படிக்கச் சொல்வது. கடைசிப் பத்திரம் மட்டும் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) வைத்து விற்பவரிடம் வாங்குகிறீர்களா? பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த பவரும் அன்றோடு முடிந்தது. அவர் வெளிநாட்டில் இருந்தாலும் வீடியோ காலிலாவது ஒரு தரம் பேசிவிடுங்கள். முகம் காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

சரி, பத்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அடுக்குமாடியில் பிளாட் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "எத்தனை ஸ்கொயர் ஃபீட்?" ஆயிரம் என்பார்கள். அதில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்த்தி. கதவைத் திறந்து உள்ளே போனால் உங்கள் கட்டிலும் பீரோவும் போட 700, 750 இருக்கும். கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இந்தப் பரப்பை, எழுத்தில் கேளுங்கள்; ரெராவில் பதிவான திட்டமாக இருந்தால் அதைச் சொல்வது பில்டரின் கடமை.

அதைவிட முக்கியம், நிலத்தில் பிரிக்கப்படாத பாகம், அதாவது யூடிஎஸ். கட்டடம் வருடா வருடம் பழசாகும், விலை ஏறுவது நிலம்தான். ஒரே விலையில் இரண்டு பிளாட். ஒன்றில் யூடிஎஸ் 550 சதுர அடி, இன்னொன்றில் 250, ஆனால் நீச்சல் குளமும் ஜிம்மும் உண்டு. நம் ஆட்கள் நீச்சல் குளத்தைத்தான் எடுக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டலாம் என்று பேச்சு வரும்போதுதான் அந்த 250 உறைக்கும்.

தண்ணீர் விஷயத்தை யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்று பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் படகு விட்டார்கள். ஆனால் புரோக்கர் வீடு காட்டுவது ஏப்ரல் மாத வெயிலில், சாலை காய்ந்து பளபளவென்று இருக்கும்போது. விற்பவரிடம் கேட்டால் "எங்க தெருவுக்கு மட்டும் வரலை" என்பார். அந்தத் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவரிடமோ இஸ்திரி போடுபவரிடமோ கேளுங்கள், எந்தப் படி வரைக்கும் வந்தது என்று கையை வைத்தே காட்டுவார்கள். சர்வே எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று சொல்வது) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். ஓடையோ ஏரிப் புறம்போக்கோ ஒட்டி ஓடினால் தெரிந்துவிடும். வாஸ்து பார்க்க ஆளைக் கூட்டிப்போவதை நான் குறை சொல்லவில்லை. அக்னி மூலையோடு சேர்த்து மழைநீர் வடிகாலையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பணக் கணக்குக்கு வருவோம். எண்பது லட்ச ரூபாய்க்குப் பழைய பிளாட். அந்த அளவில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், அதாவது 64 லட்சம். கையிலிருந்து 16 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம். பொதுவாக இதற்கு வீட்டுக்கடன் கிடைக்காது. புரோக்கர் கமிஷன், மர வேலை எல்லாம் தனி. கணக்குப் பிசகினவர்கள் கடைசி வாரத்தில் பர்சனல் லோனுக்கு ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 64 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு, மாதம் 55,500 ரூபாய் வரும். மொத்தமாகக் கட்டுவது 1.33 கோடி.

இன்னொன்று, 50 லட்சமும் அதற்கு மேலும் விலை என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர். விற்பவர் அமெரிக்காவிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால் பிடிக்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு. சென்னையில் அப்படிப்பட்ட பிளாட்டுகள் ஏராளம். 1 சதவீதம் மட்டும் பிடித்துவிட்டு மீதியை அனுப்பிவிட்டால், வருமான வரித் துறை நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆடிட்டரைக் கேட்காமல் அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் எப்போது செய்வது என்றால், அட்வான்ஸுக்கு முன்னால். "அதுக்குள்ள வேற ஆள் வாங்கிட்டா?" என்று கேட்பார்கள். வாங்கட்டும். தாம்பரத்திலும் ஓஎம்ஆரிலும் வீட்டுக்கு ஒன்றும் பஞ்சம் இல்லை. ரொம்பவே பிடித்துப்போய் டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சின்னத் தொகையாக, செக்கிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். உங்கள் செலவில் நீங்கள் வைத்த வக்கீல் (மாடுலர் கிச்சனுக்கு மூன்று லட்சம் தருபவர்கள் இவருடைய ஃபீஸில் போய்ப் பேரம் பேசாதீர்கள்) ஆவணங்களைப் பார்த்து, உரிமையில் குறை என்று சொன்னால், கொடுத்த தொகை முழுவதையும் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையில் குறை இல்லாத விற்பனையாளர்கள் இந்த வரிக்குப் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை.