ஐடில் நடுங்கினால் மிக்சர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

"பழைய காரில் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) நடுங்கினால் கார்புரேட்டர்தான் காரணம், மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டால் போதும்" என்பது தவறு. மிக்சர் ஸ்க்ரூ என்பது பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் கார்புரேட்டர் திருகு. பெட்ரோலைக் கூட்டினால் காற்றுக்கசிவால் வரும் நடுக்கம் தற்காலிகமாக மறையும். பிளக்கில் கரி படியும், கசிவு அப்படியே இருக்கும்.

கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் வால்வ் கிளியரன்ஸ் (வால்வை இயக்கும் பாகத்தில் விடும் சிறு இடைவெளி), பிறகு பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்ட்களின் இடைவெளி; பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் 0.35–0.40 மி.மீ. இருக்கும், உங்கள் மேனுவல் சொல்வதே முடிவு), அதன்பின் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்).

ஐடிலில் மட்டும் நடுங்கி, வேகம் கூட்டினால் சரியாகிறதா? கசிவைத் தேடுங்கள். ஐடிலில் த்ராட்டில் (காற்று நுழையும் வழியை மூடித் திறக்கும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் சிறு கசிவும் கலவையை மெலிதாக்கிவிடும். கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டர் டயாஃப்ரம் (வாக்குவத்தால் டைமிங்கை மாற்றும் சவ்வு) எல்லாவற்றையும் பாருங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்தினால் 'உஸ்' சத்தம் இடத்தைக் காட்டும். கசிவைத் தேடுவதற்காகச் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

வாக்குவம் கேஜ் (மேனிஃபோல்டில் உள்ள உறிஞ்சு அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் இன்னும் நல்லது. ஆரோக்கியமான எஞ்சினில் முள் பொதுவாக 17–21 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நிற்கும். தாழ்வாக, ஆனால் நிலையாக நின்றால் கசிவு அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. சீரான இடைவெளியில் விழுந்தெழுந்தால் பெரும்பாலும் ஒரு வால்வ் சரியாக மூடவில்லை. கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) எடுங்கள்.