ஏற்காடு மலைப்பாதை: மேப்பில் தெரிவது இன்றைய படம் அல்ல

‘சேட்டிலைட் மேப்பில் ஏற்காடு மலைப்பாதை சரியாகத்தான் தெரிகிறது, எனவே மண்சரிவுச் செய்தி பொய்’ என்ற கருத்தை இங்கே பலர் பகிர்கிறார்கள். நண்பர்களே, அந்தப் படம் நேரலை அல்ல. மேகமில்லாத நாட்களில் எடுத்த பழைய படங்களைத் தேர்ந்து ஒட்டித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். சில மாதங்களோ சில ஆண்டுகளோ பழையதாக இருக்கும். இன்று விழுந்த மண் அதில் தெரிய வழியே இல்லை.

நீங்களே பார்க்கலாம். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து கொண்டை ஊசி வளைவுகள் பக்கம் போங்கள். படம் எடுத்த தேதி கீழே இருக்கும். புதிய படம் வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம் இலவசம். ஏற்காடு என்று தேடி, தேதியை மாற்றிப் பாருங்கள். அதிலுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஏறக்குறைய 5 நாட்களுக்கு ஒருமுறை வருபவை. மழை நாட்களில் பெரும்பாலும் வெறும் வெள்ளை மேகம்தான். மேகம் விலகினாலும் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டர் அகலத்தைக் குறிக்கும். சாலையை மறிக்கும் சிறு சரிவு அதில் தனியாகத் தெரியாது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும், ஆனால் அதுவும் நாள்தோறும் நம் மலைக்கு மேல் வருவதில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். இப்போது மலையேற வேண்டியவர்கள் தயவுசெய்து மேப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.