ராபர்ட் ஜான்சனுக்குக் கற்றுக்கொடுத்தது சாத்தான் அல்ல

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பேர்பெற்ற ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று ஒரே இரவில் கிதார் கற்றார் என்று பலரும் எழுதுகிறீர்கள். அப்படி இல்லை. அந்தக் கதை, டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ் கலைஞரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. பெயர் ஒற்றுமையில் இவர் தலையில் ஏறிவிட்டது. ராபர்ட், மிசிசிப்பியில் ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் ஐக் ஸிம்மர்மன் என்ற கிதார் கலைஞரிடம் உட்கார்ந்து கற்றவர். ராத்திரியில் கல்லறைத் தோட்டத்தில் போய் வாசிப்பார்களாம், அங்கேதான் யாருக்கும் தொந்தரவில்லை! 1936, 1937-இல் பதிவான ராபர்ட்டின் 29 பாடல்களில் கேட்பது அவ்வளவு உழைப்பு. அப்புறம், மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊரைச் சேர்ந்த இன்றைய ப்ளூஸ் கிதார் கலைஞர் கிங்ஃபிஷ் இங்கிராமும் சிறுவயதில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியக வகுப்பில் பயின்றவர்தான். 2022-இல் கிராமி இசை விருது வாங்கினார். தயவுசெய்து அவரையும் 'பிறவி வரம்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.