பதினாறாம் நாளிலிருந்து யார் கொடுப்பது?

70 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது, இனி மருந்துச் செலவு கவலையில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மைதான். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தப் பணம். வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்து உண்டு, அப்புறம் கைக்காசுதான்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அம்மாவுக்கு 74 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நெஞ்சுவலி வந்தபோது காப்பீட்டில்தான் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள், ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் போன மாதம் தலைமாட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தால், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை பிளேடால் பாதி பாதியாக வெட்டி, பேப்பரில் மடித்து வைத்திருக்கிறார். "பாதி போட்டாலே போதும் கண்ணு, காசு மிச்சம்" என்கிறார். இரத்தம் உறையாமல் காக்கிற மாத்திரை அது. குறைத்தால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல திட்டம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவுதான், சரி. ஆனால் மழைக்காலத்தில் மலைக் கிராமத்திலிருந்து டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகிறது, வயதானவர்கள் எத்தனை முறை போவார்கள்?

ஸ்டென்ட் வைத்தவர்களுக்காவது அந்த 15 நாளை ஒரு வருடமாக்குங்கள். சர்க்கரை மாத்திரையோடு க்ளோபிடோக்ரெலையும் சேர்த்து வீட்டிலேயே கொடுங்கள்.