பட்டா நிலமானாலும் நரிக்கு விஷம் வைக்க முடியாது

"ஆட்டைக் கடிக்கும் நரியை, சொந்தப் பட்டாவில் குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) கலந்த கறியை வைத்துக் கொன்றால் கேஸ் கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பி ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, தொண்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற யாராவது மாட்டிக்கொள்ளக் கூடாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றாலே விஷம் வைப்பதும் அடங்கும், அதற்கான முயற்சியும் அடங்கும். நிலம் யாருடையது என்பது கணக்கே இல்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு நரி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மனித உயிருக்கு ஆபத்து, அந்த விலங்குக்குத் தீராத நோய் போன்ற காரணங்களுக்கு மட்டுமே தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர முடியும். ஆடு போனது அதில் வராது.

சரி, கடித்தது தெருநாய் என்றால்? அதற்கும் விஷம் வைக்க முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. அப்புறம், அந்தக் கறியை நரிதான் தின்னும் என்று யார் சொன்னது? கருவேலங்காட்டில் மேயும் மயிலும், உங்கள் கிடை நாயும்கூடச் சாகும். ஆட்டைப் பறிகொடுத்தவரின் வலி எனக்கும் தெரியும். இரவில் பட்டியைச் சுற்றி முள்ளடைப்பை நெருக்கமாகப் போடுங்கள், குட்டிகளைக் கூடைக்குள் அடையுங்கள்.