அது புதினாத் துவையல் அல்ல

இரண்டு நாட்களாக எந்தப் பக்கம் திரும்பினாலும், ஜப்பானிய சுஷிக் கடையில் ஒரு மகன் தன் அப்பாவை ஏமாற்றிச் சிரிக்கும் அந்தக் காணொளிதான் கண்ணில் படுகிறது. இணைப்பை நான் இங்கே கொடுக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்கள். ஏழெட்டுப் பேர் எனக்குத் தனிச்செய்தியிலும் அனுப்பி, "உங்கள் ஊர்ச் சமாச்சாரம் அக்கா, பாருங்கள்" என்று எழுதியிருந்தார்கள். பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"அப்பாவின் முதல் சுஷி" என்று அதற்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். தலைப்பே பொய். அந்த மனிதர் அதில் சுஷி சாப்பிடவே இல்லை. சுஷி என்பது வினிகரும் உப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பிசறிய சோறு. அதன்மேல் மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், உள்ளே வெறும் வெள்ளரிக்காயும் இருக்கலாம். சோறில்லாமல் மீனை மட்டும் அரிந்து வைத்தால் அதற்குச் சஷிமி என்று வேறு பெயர் உண்டு. அந்த அப்பாவுக்குக் கிடைத்தது இரண்டும் இல்லை. "புதினாத் துவையல்தான்பா, சாப்பிடுங்க" என்று மகன் நீட்டிய ஓர் உருண்டை வசாபி, அதாவது சுஷியோடு துளியளவு சேர்த்துக்கொள்ளும் காரமான பச்சை விழுது, அவ்வளவுதான். மேசையின் இடது மூலையில் கிழித்துப் போட்ட பொட்டலங்கள் தெரிகின்றன. காணொளியை நிறுத்தி எண்ணினேன், ஏழு. இங்கே ஜப்பானில், தட்டுகள் பட்டையில் நகர்ந்து வரும் பெரிய சுழல்பட்டைக் கடைகள் பலவற்றில் இப்போது சுஷிக்குள் வசாபி வைப்பதில்லை. வேண்டியவர்கள் பிதுக்கிக்கொள்ளட்டும் என்று சிறு பொட்டலங்களாகத் தனியே தருகிறார்கள். ஆகவே இது கைதவறி நடந்த காரியமன்று. ஒவ்வொன்றாக ஏழு பொட்டலத்தைக் கிழித்து, பிதுக்கி, உருட்டி, கைப்பேசியை ஒழுங்காக நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அப்பாவை வாய் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பழக்கமில்லாத உணவை முதன்முதலாக வாயில் வைப்பவர், அந்த உணவை நம்பி வைப்பதில்லை. கொடுப்பவரை நம்பி வைக்கிறார். அந்த நம்பிக்கையில் விளையாடாதீர்கள்.

2016ஆம் ஆண்டு, நான் குடியிருக்கும் இதே ஒசாகாவில் ஒரு சுஷிக் கடை, கொரிய வாடிக்கையாளர்களுக்குக் கேட்காமலேயே அளவுக்கு மீறி வசாபி வைத்ததாகப் புகார் எழுந்தது. படங்கள் பரவின, கடை மன்னிப்புக் கேட்டது. வெளிநாட்டவர் வழக்கமாகக் கூடுதலாகக் கேட்பார்கள், அதனால் வைத்தோம் என்று அவர்கள் சொன்ன விளக்கத்தை அப்போது யாரும் ஏற்கவில்லை. "இதுதான் இனவெறி" என்று அன்று என் பதிவின் கீழ் கொதித்தவர்களில் மூவர், நேற்று இந்தக் காணொளிக்குச் சிரிப்புக் குறி இட்டிருக்கிறார்கள். அந்நியன் செய்தால் அவமதிப்பு, பெற்ற பிள்ளை செய்தால் பொழுதுபோக்கு போலும்.

"அந்த அப்பாவே சிரிக்கிறாரே, உங்களுக்கு என்ன வலி?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நானும் சிரித்திருக்கிறேன்.

2014இல் நான் இங்கு வந்த முதல் மாதம், நம் ஊர் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து என்னைச் சுஷிக் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். எனக்கும் அதே உருண்டைதான், அதே புதினாத் துவையல்தான். மிளகாய்க் காரத்தில் வளர்ந்த நாக்கு அதற்குத் தயாராக இருப்பதில்லை. மிளகாய் நாக்கைப் பிடிக்கும். வசாபி நாக்கை விட்டுவிட்டு மூக்கு வழியாக நேரே உச்சந்தலைக்கு ஏறும். மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். எட்டுப் பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? புது ஊரில் எனக்குத் தெரிந்த மனிதர்களே அந்த எட்டுப் பேர்தான். முகம் சுளித்தால் "விளையாட்டு தெரியாதவள்" ஆகிவிடுவேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். ஒசாகாவில் குடியிருந்துகொண்டே அதன் பின் நான்கு ஆண்டுகள் சுஷியைத் தொடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பச்சை மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வந்தேன். அந்தச் சிரிப்பு எதனால் ஆனது என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து எனக்கு விளக்காதீர்கள்.

"ஒரு சின்ன உருண்டை, ஆளையா கொன்றுவிடும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செவித்திறன் இல்லாதவர்களைத் தீ விபத்தின்போது தூக்கத்திலிருந்து எழுப்புவதற்காக வசாபி ஆவியைத் தெளிக்கும் அலாரம் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கி, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2011இல் வாங்கினார்கள். காற்றில் சிறிது கலந்தாலே உறங்குபவரை எழுப்பிவிடும் பொருள் அது. 2019இல் பிரிட்டனின் பி.எம்.ஜே. பதிப்பகத்தின் மருத்துவ இதழொன்றில் 60 வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது; திருமண விருந்தில் அவகாடோ என்று எண்ணி நிறைய வசாபியை விழுங்கியவருக்கு இதயத்தின் இடது கீழறை செயல் குன்றி, மருத்துவமனை வரை போக நேர்ந்தது. அவர் தேறிவிட்டார். அது அரிதினும் அரிதான நிகழ்வு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தவறிச் சாப்பிட்டார், இவருக்கு ஊட்டிவிட்டிருக்கிறார்கள்.

"ஜப்பான் தொலைக்காட்சியிலேயே வசாபித் தண்டனை விளையாட்டு உண்டே" என்பவர்களுக்கு: உண்டு. அங்கே வாய் திறப்பவருக்கு அது வசாபி என்று தெரியும், சம்பளமும் உண்டு.

"எப்படியும் அவருக்குப் பச்சை மீன் பிடித்திருக்காது." இருக்கலாம். பிடிக்கவில்லை என்பதை அவரல்லவா சொல்ல வேண்டும்? ஜப்பானியரே ஒரு காலத்தில் சால்மன் மீனைப் பச்சையாகத் தொடமாட்டார்கள். பசிபிக் சால்மனில் புழு இருக்கும் என்ற அச்சம், சுட்டோ உப்பிட்டோதான் உண்பார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனோடு வந்து, ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லித்தான் அது சுஷிச் சோற்றின்மேல் ஏறியது. இன்று இங்குள்ள குழந்தைகள் முதலில் கை நீட்டுவதே அதற்குத்தான்.

சுழல்பட்டைக் கடையே, சுஷியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் வசதியான ஏற்பாடு. ஷிராயிஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்து, 1958இல் கிழக்கு ஒசாகாவில் அப்படியொரு கடையைத் திறந்தார். குறைந்த ஆட்களைக் கொண்டு மலிவாகப் பரிமாறுவது அவர் நோக்கம். ஆனால் பெயர் தெரியாதவரும், மொழி தெரியாதவரும், விலை கேட்கக் கூசுபவரும் உட்கார்ந்து பார்த்து, பிடித்ததை எடுக்கலாம் என்பதும் அதில் தானாக அமைந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார வைத்துத்தான் அந்த அப்பாவை எதையும் தேர்ந்தெடுக்க விடாமல் செய்திருக்கிறார்கள்.

2018இல் என் அப்பா வந்திருந்தார். தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சுஷி பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார், "சாப்பிட" என்றுகூடச் சொல்லவில்லை. நடுவில் சமையல்காரர் நிற்க, சுற்றிலும் பட்டை ஓடும் சிறிய பழைய கடை அது. திருவிழாவில் சப்பரம் வருவதைப் பார்ப்பதுபோல் பத்து நிமிடம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் முட்டை வைத்ததை எடுத்தார். அடுத்து அவித்த இறால். மூன்றாவதாகச் சிவந்த துண்டு ஒன்று வந்தபோது என் பக்கம் குனிந்து, "ஏம்மா, இது சூரைதானே?" என்றார். ஆமாம் என்றேன். "ஊர்ல இதை யாரு மதிக்கா" என்று சொல்லிக்கொண்டே அதையும் எடுத்தார். (மறு ஆண்டு ஜனவரியில் டோக்கியோவின் டொயோசு சந்தையில், சூரைக் குடும்பத்து நீலத்துடுப்பு மீன், 278 கிலோ எடையுள்ளது, 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு ஏலம் போனதைத் தொலைபேசியில் சொன்னேன். "சும்மா அளக்காத" என்று வைத்துவிட்டார்.)

குச்சியை ஒதுக்கிவிட்டுக் கையால் எடுத்தார். நான் பதறிப்போய், "அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று தணிந்த குரலில் சொன்னேன். சோற்றைப் பிடித்து மேலே மீன் வைத்த சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முறையே என்பது நான்கு ஆண்டு இங்கு இருந்த எனக்குத் தெரியவில்லை. சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஈரத்துண்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இதையும் எழுதத்தான் வேண்டும். நானும் யோக்கியம் இல்லை.

அதன் பிறகு, "அந்தப் பச்சை என்ன?" என்று கேட்டார். சொன்னேன். குச்சி நுனியில் ஓர் அரிசி அளவு எடுத்து மீன்மேல் தடவினேன். கண்ணை மூடி, மூக்குத் தண்டைப் பிடித்துக்கொண்டு, விட்டார். "கடுகை அரைச்ச மாதிரில்லா இருக்கு." சரியாகத்தான் சொன்னார்; வசாபி கடுகுக் குடும்பம்தான். அன்றைக்கு நானும் நான்கு ஆண்டு கழித்து அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். என் முதல் சுஷி என்று நான் கணக்கு வைத்திருப்பது அதைத்தான்.

வெளிநாட்டுக்கு வரும் பெற்றோர் இப்போது நமக்குக் காட்சிப்பொருள் ஆகிவிட்டார்கள். நகரும் படிக்கட்டில் அம்மா தடுமாறுவது ஒரு காணொளி, கழிவறைப் பொத்தானை அழுத்திவிட்டு அப்பா அலறுவது இன்னொன்று. விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தோம் என்பதற்காக இவ்வளவு உரிமையா?

என்னை மேட்டிமைக்காரி என்று திட்ட வருபவர்கள், அதற்கு முன் அந்தக் காணொளியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரே ஒருமுறை பாருங்கள். சிரிப்பொலி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மகனைப் பார்த்து ஏதோ சொல்கிறார். உதட்டசைவில் "நல்லாத்தான் இருக்கு" என்றே எனக்குப் படுகிறது. அவர் பின்னால் பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. முட்டை வைத்த தட்டு ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, கடந்து போகிறது. அவர் அதைப் பார்க்கிறார், கையை மடியிலேயே வைத்திருக்கிறார்.