மூன்றாவது பாட்டு

அக்கா மகள் போன மாதம் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். கனடா நாட்டுப் பாடகி ஜோனி மிட்செல் தானே எழுதிப் பாடிய ‘ப்ளூ’ ஆல்பத்தில் உள்ள 10 பாட்டும் எந்தெந்த ஆணைப் பற்றியவை என்று யாரோ மெனக்கெட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். இது கிரஹாம் நாஷ், இது ஜேம்ஸ் டெய்லர், இது லெனார்ட் கோஹனாக இருக்கலாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “சித்தி, நீங்க இருபது வருஷமா இதைக் கேக்குறீங்கல்ல? இந்த லிஸ்ட் சரியா?” என்று கீழே எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை, அந்தப் பட்டியல் மேல். “அதைத் தூக்கிப் போடு. முதல் பாட்டுலேர்ந்து வரிசையா கேளு, 36 நிமிஷந்தான்” என்று மட்டும் பதில் போட்டேன். அவளிடம் சொல்லாமல் நிறுத்திக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பட்டியல் புதுச் சரக்கு இல்லை. ஆல்பம் வெளியானது 1971 ஜூன் 22. அந்தக் காலத்திலேயே அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோன், ஜோனியோடு பழகிய இசைக்கலைஞர்களின் பெயர்களை அடுக்கி அவருக்கே ஒரு கேலிப் பட்டம் சூட்டியது. இன்னாரோடு இன்னார் என்று கோடு இழுத்துப் படமும் போட்டது. அதே வட்டாரத்தில் அதே வாழ்க்கை வாழ்ந்த ஆண்களுக்கு யாரும் பட்டம் சூட்டவில்லை. ஜோனி பல ஆண்டுகள் அந்தப் பத்திரிகைக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. அதே பத்திரிகை 2003இல் தலைசிறந்த 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது ‘ப்ளூ’வுக்கு 30ஆவது இடம் கொடுத்தது. 2020இல் அதை 3ஆவது இடத்துக்கு ஏற்றியது. 49 ஆண்டுகளில் பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கேட்கிற காதுதான் மெல்ல மெல்லத் திருந்தியிருக்கிறது.

நான் முதலில் கேட்டது 2004இல், பெங்களூரில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில். என் அறைத்தோழி ஷில்லாங்கிலிருந்து வந்தவள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சின்ன சிடி பிளேயரில் மெதுவாக ஓடவிடுவாள். என் ஆங்கிலம் அப்போது அலுவலக மின்னஞ்சலுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. பாதிச் சொல் பிடிபடாது. கிரஹாம் நாஷ் யாரென்று தெரியாது, கோஹன் யாரென்று தெரியாது. பாடுகிறவர் யாரையோ இழந்திருக்கிறார் என்பதுகூடத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் தூக்கம் போய்விடும். மேலே ஏறுகிற குரல் கீழே வந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் இன்னொரு கிளைக்குத் தாவிவிடும். எப்போது இறங்கும் என்று இருட்டில் காத்துக் கிடப்பேன்.

அதனால்தான், இந்த ஆல்பம் நிலைத்து நிற்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மனதைத் திறந்து கொட்டிவிட்டார், டைரியைப் பாட்டாக்கிவிட்டார், ஒளிவுமறைவே இல்லை, அதுதான் காரணம் என்கிறார்கள். ஜோனியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார் என்பது உண்மை. அந்தக் காலத்தில் தான் சிகரெட் பாக்கெட் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளைப் போல இருந்ததாக, தன்னிடம் எந்த மறைப்பும் இல்லை என்ற பொருளில், 1979இல் ஒரு பேட்டியில் சொன்னார். பாட்டுகளைக் கேட்ட பாடகர் கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன் ஆடிப்போய், உனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள் என்று சொன்னதாகவும் ஜோனியே சொல்லியிருக்கிறார்.

ஆனால் வெறும் வாக்குமூலம் 50 ஆண்டு தாங்குமா? அழுகிறவரைக் கண்டால் மனசு இளகும், சரி. அதே அழுகையை நாலாம் முறை கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நான் இதை நூற்றுக்கணக்கான முறை கேட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் நாலு வருடம் வீணை கற்றுக்கொண்டேன். அந்தக் கொஞ்ச ஞானத்தை வைத்துச் சொல்கிறேன், கூடத் தெரிந்தவர்கள் திருத்தலாம். மேற்கத்திய இசையில் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பதற்குக் கார்டு என்று பெயர். அதில் முக்கியமாக மேஜர், மைனர் என்று இரண்டு வகை. மகிழ்ச்சி, சோகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ச–க–ப என்று மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து ஒலித்தால், அந்தர காந்தாரம் வந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். சிரிப்பா அழுகையா என்று சொல்வது அந்த ஒரு காந்தாரம்தான். ஜோனி பல இடங்களில் அந்தக் காந்தாரத்தையே எடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் ரிஷபமோ மத்யமமோ நிற்கும். காது “சரி, இது சோகமா சந்தோஷமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. இப்படிப்பட்ட கார்டுகளைக் கேள்வி கேட்கும் கார்டுகள் என்று அவரே சொல்வது வழக்கம். விடுதி இருட்டில் என்னைத் தூங்கவிடாதது எது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அவருக்கு 9 வயதில் போலியோ வந்தது. அதனால் இடது கை பலவீனம். கிட்டாரில் எல்லோரும் பிடிக்கும் கார்டுகளை அந்த விரல்களால் பிடிப்பது சிரமம். எனவே தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகித் தந்திகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். ஒரு விரலை வைத்தாலே வேறு யாருக்கும் அகப்படாத ஒரு கார்டு கிடைக்கும். இப்படி டஜன் கணக்கில் சுருதி அமைப்புகள் அவரிடம் உண்டு. ஊனத்தை வென்ற கதையாக இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கையை மாற்ற முடியாததால் வாத்தியத்தை மாற்றினார், அவ்வளவுதான். அந்த முடிவு இந்த ஆல்பத்தின் கிட்டார் ஒலியில் எல்லாம் கேட்கிறது.

இன்னொன்று டல்சிமர். அப்பலேசிய மலைப்பகுதியில் மடியில் கிடத்தி வாசிக்கும், ஒடுக்கமான தந்தி வாத்தியம். 1970இல் காதலர் நாஷுடன் இருந்த வாழ்க்கையை விட்டுக் கிளம்பி ஐரோப்பா போனபோது அவர் கையோடு கொண்டுபோனது அதைத்தான். கிரேக்கத்தின் கிரீட் தீவில் மடாலா என்ற கடற்கரை ஊர். பாறையில் குடைந்த பழங்காலக் குகைகளில் ஹிப்பிகள் குடியிருந்தார்கள், இவரும் அவர்களோடு கொஞ்ச காலம் இருந்தார். ‘கேரி’ பாட்டு அங்கே பிறந்தது. வாசிப்பை உற்றுக் கேட்டால், தந்திகள் சுருதியாக ரீங்கரித்துக்கொண்டிருக்க, கை அவற்றின் மேல் தட்டித் தட்டித் தாளமும் போடுவது தெரியும். வீணையின் தாளத் தந்திகளை மீட்டிப் பழகிய எனக்கு அந்த ஒலி அந்நியமாகவே தோன்றவில்லை. 10 பாட்டில் 4 பாட்டில் டல்சிமர். இன்னொரு 4 பாட்டில் அவர் குரலும் அவரே வாசிக்கும் பியானோவும் மட்டும். டிரம்ஸ் வருவது மூன்றே பாட்டில். மிச்சமெல்லாம் காலி இடம். மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும்.

பதிவு நடந்தது ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில். ஒலிப்பதிவாளர் ஹென்றி லூயி, கிட்டாருக்கு எப்போதாவது ஜேம்ஸ் டெய்லர், இன்னும் ஓரிருவர். பாடகி கேரல் கிங்கின் ‘டாபெஸ்ட்ரி’ ஆல்பமும் அதே ஸ்டூடியோவில்தான், அதே பருவத்தில் உருவானது. ஜோனி அதில் பின்குரல்கூடப் பாடியிருக்கிறார். அது அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ‘ப்ளூ’ எட்டியது 15ஆவது இடம்.

டைரி என்று சொல்கிறவர்களிடம் இதையும் கேட்க வேண்டும். ஆல்பம் ஏறக்குறைய முடிந்த நிலையில் ஜோனி இரண்டு பழைய பாட்டுகளை வெளியே எடுத்தார், இரண்டு புதிய பாட்டுகளை உள்ளே வைத்தார். அந்த இரண்டும் எவை? தொடக்கமான ‘ஆல் ஐ வாண்ட்’, கடைசியான ‘தி லாஸ்ட் டைம் ஐ சா ரிச்சர்ட்’. வீட்டைக் கட்டி முடித்த பிறகு தலைவாசலையும் புழக்கடையையும் பெயர்த்து மாற்றியிருக்கிறார். ஏக்கத்தோடு பயணம் கிளம்பும் பெண்ணில் ஆரம்பித்து, இருட்டு மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணில் முடிகிறது. மனம் போன போக்கில் கொட்டுகிறவர் இப்படிச் செய்ய மாட்டார். தச்சர்தான் செய்வார்.

‘ரிவர்’ பற்றித் தனியாகவே எழுதலாம். உலகமே பாடும் ஜிங்கிள் பெல்ஸ் மெட்டு பியானோவில் வரும், வரும்போதே வழுக்கி வேறு நிறத்துக்குப் போய்விடும். டிசம்பர் வந்தும் பனி விழாத, பச்சை மாறாத கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு, உறைந்த ஆறு ஒன்று இருந்தால் சறுக்கிக்கொண்டே போய்விடலாமே என்று ஏங்குகிற பாட்டு. அவர் வளர்ந்தது கனடாவின் சஸ்கடூனில். அந்த ஊர்க் குளிர் தெரிந்தவருக்கு அந்த ஆசை எவ்வளவு சாதாரணமானது, எவ்வளவு எட்டாதது என்று புரியும். அந்தப் பாட்டில் அவர் பழி போடுவது தன் மேல்தான். இப்போது அதைக் கிறிஸ்துமஸ் பாட்டாக ஆளாளுக்குப் பாடுகிறார்கள். பாடட்டும். முடிவில் அந்த மெட்டு நிறைவு பெறாமல் சரிந்து நிற்பதை மட்டும் யாரும் சரிசெய்துவிடக் கூடாது.

‘எ கேஸ் ஆஃப் யூ’வை மூன்று குரலில் கேட்டிருக்கிறேன், மூன்றும் அவருடையவை. 1971இல் 27 வயசுக் குரல், பறவை மாதிரி. 2000இல் முழு ஆர்கெஸ்ட்ராவோடு அவர் திரும்பப் பதிவு செய்தபோது, பல பத்தாண்டுப் புகைப்பழக்கத்தில் குரல் இறங்கி, கரகரத்து, கனத்திருந்தது. 2015இல் மூளை ரத்தக்குழாய் வெடித்துப் படுத்தார். பேசவும் நடக்கவும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில், அறிவிப்பே இல்லாமல், அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடகி பிராண்டி கார்லைலோடு மேடையேறி நாற்காலியில் அமர்ந்து பாடினார். உன்னைப் பெட்டி பெட்டியாகக் குடித்தாலும் நான் தள்ளாட மாட்டேன் என்கிற அந்தப் பாட்டை, நிற்கவே சிரமப்படும் 78 வயதுப் பெண் பாடுகிறார். அந்தக் காணொளியில் யாரைப் பற்றிய பாட்டு என்ற கேள்விக்கு என்ன இடம் இருக்கிறது?

இனி மூன்றாவது பாட்டு, ‘லிட்டில் கிரீன்’. ஒரே ஒரு கிட்டார். வெளியான வருடம் ரோலிங் ஸ்டோனில் விமர்சனம் எழுதியவர், அதன் குறிப்புகள் ஒன்றும் விளங்கவில்லை என்று குறைப்பட்டார். ஜோனிக்கு 21 வயதில், 1965 பிப்ரவரியில், டொராண்டோவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை, கையில் காசில்லை, ஊரில் பெற்றோருக்குத் தெரியாது. குழந்தையைத் தத்துக் கொடுத்தார். காகிதங்களில் கையெழுத்திட்டதும், வீட்டுக்குப் பொய் எழுதியதும், எல்லாமே அந்தப் பாட்டில் இருக்கிறது. குழந்தைக்கு அவர் வைத்த பெயருக்கும் பச்சை நிறத்துக்கும்கூடத் தொடர்பு உண்டு. 1993இல் ஒரு பரபரப்புப் பத்திரிகை வழியாக விஷயம் வெளியே வரும் வரை, ஒளிவுமறைவே இல்லாதது என்று எல்லோரும் சொன்ன ஆல்பத்தில், அவர் வாழ்வின் மிகப் பெரிய துக்கம் மூன்றாவது பாட்டாக எல்லோர் காதிலும் ஒலித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் இருந்தது. 22 வருடம். தாயும் மகளும் சந்தித்தது 1997இல்.

மிச்சம் வைத்துக்கொள் என்றாரே கிரிஸ்டாஃபர்சன், ஜோனி வைத்துத்தான் இருந்தார்.

அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. பள்ளியில் படித்தபோது ஏன் இப்படி ஒரு கெடுபிடி என்று தோன்றியது. பெயர் வந்துவிட்டால் அது அவர்கள் வீட்டு விவகாரம் ஆகிவிடும். பெயர் இல்லாத வரைக்கும், கேட்கிறவர் தன் ஆற்றையும் தன் குளிரையும் கொண்டுவந்து வைக்கலாம். ஆங்கிலம் புரியாத ஒரு 23 வயசுக்காரி பெங்களூர் விடுதியில் அதைத்தான் செய்தாள். பட்டியல் போடுகிறவர்கள் அந்த இடத்தில் பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். அந்த மகளின் பெயர் இன்று தேடினால் கிடைக்கும். நான் இங்கே எழுதவில்லை.

அக்கா மகள் முகநூலில் இல்லை, இதையெல்லாம் அவள் படிக்கப் போவதில்லை. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

“சித்தி, மூணாவது பாட்டைத் தாண்டவே முடியல. நாலு நாளா அதுலயே நிக்கிறேன். என்னன்னு சொல்லிடாதீங்க.”